கழித்துக் கழித்து ஒரு விளையாட்டு

‘லிம்போ’ என்ற வீடியோ கேமில் வண்ணம் கிடையாது. யாரும் பேசுவதில்லை. எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று சொல்லும் எழுத்துகூடத் திரையில் வராது. காட்டுக்குள் ஒரு சிறுவன் கண் விழிக்கிறான். முகத்தில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள், அவைதான் கண்கள்; மற்றபடி அவன் முழுக்கக் கறுப்பு. வலப்பக்கமாக நடக்க வைத்தால் ஆட்டம் ஆரம்பம். 2010 ஜூலையில் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு இது வெளிவந்தபோது விமர்சகர்களில் பெரும்பாலோர் கொண்டாடினார்கள். மதிப்புரைகளைத் திரட்டிச் சராசரி போடும் மெட்டாகிரிட்டிக்கில் நூற்றுக்கு 90. சிலர் காரமாகத் திட்டவும் செய்தார்கள். கொண்டாடியவர்களும் திட்டியவர்களும் பேசியது ஒன்றைப் பற்றித்தான் என்பது என் கட்சி: இந்த விளையாட்டில் எவையெல்லாம் இல்லையோ, அவற்றைப் பற்றி.

அவை எப்படி இல்லாமல் போயின என்பதுதான் லிம்போ பிறந்த கதை.

டென்மார்க்கைச் சேர்ந்த அர்ன்ட் யென்சன் ஓர் ஓவியர். ‘ஹிட்மேன்’ வரிசையை உருவாக்கிய கோபன்ஹேகன் நிறுவனமான ஐஓ இன்டராக்டிவில் வேலை பார்த்தவர். நிறுவனம் பெரிதாக ஆக, வேலை அவருக்குக் கசக்க ஆரம்பித்தது. 2004 வாக்கில் தனக்காக ஒரு படம் வரைந்தார். அதில் கதையோ ஆட்ட விதியோ கிடையாது, ஓர் இடம் மட்டும்தான். பனி மூட்டமும் மரங்களும் இருட்டும் சேர்ந்த, யாருக்கும் தெரியாத ஒரு மறைவிடம். பெரும்பாலான விளையாட்டுகள் “இதில் ஆடுபவர் என்ன செய்வார்?” என்ற கேள்வியில் பிறப்பவை. இது “அங்கே போனால் எப்படி இருக்கும்?” என்ற கேள்வியில் பிறந்தது. பின்னால் வந்த பாராட்டு, வம்பு இரண்டுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

முதலில் யென்சன் தானே விஷுவல் பேசிக்கில் நிரல் எழுதிப் பார்த்தார். கை வரவில்லை. 2006-இல் அந்த இடத்தையும் சிறுவனையும் வைத்து ஒரு சின்ன டிரெய்லர் செய்து இணையத்தில் போட்டார். விளம்பரத்துக்காக அல்ல, நிரல் எழுத ஓர் ஆள் தேடித்தான். டிரெய்லர் தீயாகப் பரவியது. தேடிய ஆளும் கிடைத்தார். டினோ பட்டி, அவரும் தான் பார்த்த வேலையில் மனம் ஒட்டாமல் இருந்தவர். இருவரும் சேர்ந்து அதே ஆண்டு கோபன்ஹேகனில் ‘பிளேடெட்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். இரண்டு பேர் முடித்துவிடக்கூடிய வேலை இல்லை என்பது சீக்கிரமே தெரிந்துபோனது. பட்டி நிர்வாகப் பக்கம் நகர்ந்தார், ஆட்கள் சேர்ந்தார்கள். எட்டுப் பேர் கொண்ட குழு, வேலை உச்சத்தில் இருந்தபோது பகுதிநேரக்காரர்களையும் சேர்த்துப் பதினாறு வரை போனது.

சொந்தப் பணத்தில் தொடங்கி, டென்மார்க் அரசின் மானியம், நார்டிக் நாடுகள் விளையாட்டுத் துறைக்கு ஒதுக்கிய நிதி என்று வந்து, கடைசியில் முதலீட்டாளர்களிடம் போய் நின்றார்கள். பணம் போட்டவர்கள் யோசனையும் சொல்வார்கள் அல்லவா? பலர் சேர்ந்து ஆடும் வசதி வைக்கலாமே, எளிது கடினம் என்று நிலைகள் பிரிக்கலாமே என்றார்கள். யென்சன் ஒன்றுக்கும் இணங்கவில்லை. இடம் ஒன்று, அதில் ஒரே சிறுவன் என்ற முதல் படத்திலிருந்து அவர் அசையவே இல்லை. 2006 டிரெய்லரையும் 2010-இல் வந்த விளையாட்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் தோற்றம் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். நான்கு வருடத்தில் எத்தனையோ மாறிவிடும் ஒரு துறையில் இது சாதாரணப் பிடிவாதம் இல்லை.

அந்தக் கறுப்பைப் பார்த்த விமர்சகர்களுக்கு உடனே சினிமா நினைவுக்கு வந்தது. 1920-களின் ஜெர்மன் எக்ஸ்பிரஷனிசம் என்றார்கள், 40-களின் ஃபிலிம் நுவார் என்றார்கள். தப்பில்லை. வெளிச்சம் எப்போதும் பின்னாலிருந்து வருகிறது, தூரத்து மரங்கள் மங்கிக் கரைகின்றன, பழைய பிலிம் சுருள் ஓடுவதுபோல் திரை முழுக்கப் பொடிப்பொடியாக ஒரு நடுக்கம். ஆனால் கறுப்பைத் தேர்ந்ததில் கணக்கும் இருந்தது. நிழலுருவத்துக்கு முகபாவம் வேண்டாம், துணி மடிப்பு வேண்டாம், ஆயிரம் நுணுக்கங்களோடு முப்பரிமாண உருவங்களைச் செதுக்கும் செலவும் வேண்டாம். மிச்சமான உழைப்பு முழுவதையும் அசைவில் கொட்டலாம். சிறுவன் விளிம்பில் தடுமாறுவதையும், கயிற்றைப் பிடித்துத் தொங்கும்போது கால் வீசுவதையும் பார்த்தால் உழைப்பு எங்கே போனது என்று புரியும். அழகுக்காகக் கறுப்பா, சிக்கனத்துக்காகக் கறுப்பா என்று கேட்டால் நான் இரண்டும்தான் என்பேன். நல்ல வடிவங்கள் பலவும் இந்த இரண்டு நெருக்கடிக்கும் நடுவில்தான் பிறந்திருக்கின்றன.

புதிர்களை வடிவமைத்தவர் யெப்பே கார்ல்சன். நிரல் எழுத வந்தவர், புதிர் பக்கம் போய்விட்டார். அவருடைய முறை விசித்திரமானது. ஆடுபவர் தன் பரம எதிரி என்று வைத்துக்கொண்டு முதலில் ஈவிரக்கமில்லாமல் ஒரு புதிர் போடுவார். பிறகு ஆடுபவர் தன் நண்பர் என்று நினைத்துக்கொண்டு அங்கங்கே ஒரு சத்தம், ஓர் அசைவு என்று குறிப்புகளை ஒளித்து வைப்பார்.

தொடக்கத்தில் வரும் சிலந்தியைப் பாருங்கள். மரத்துக்குப் பின்னாலிருந்து நீண்ட கால்கள் மட்டும் தெரியும். கிட்டே போனால் ஒரு கால் மெல்ல உயரும், அடுத்த நொடி சிறுவனைக் குத்திக் கிழித்துவிடும். பல் வைத்த இரும்புப் பொறி ஒன்றை அந்தக் காலுக்கு அடியில் இழுத்துப் போட வேண்டும், அதுதான் விடை. முதலில் செய்த வடிவத்தில் பொறி சிலந்தி இருக்கும் திரையிலேயே கிடந்ததாம். ஆடிப் பார்த்தவர்களின் கவனம் முழுக்கப் பொறி மேலேயே போய்விட்டது. கார்ல்சன் பொறியைத் தூக்கி மரக்கிளையில் வைத்தார். சிலந்தி ஆத்திரத்தில் தரையைக் குத்தும்போது, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அது நழுவி விழும். விழுந்ததைப் பார்க்க முடியாது, சத்தம்தான் கேட்கும். காது கொடுத்தவர் திரும்பிப் போய் எடுத்து வருவார். காது கொடுக்காதவர் இன்னும் நான்கு தடவை சாவார்.

அந்தச் சத்தத்துக்குப் பொறுப்பு மார்ட்டின் ஸ்டீக் ஆண்டர்சன். ஆர்ஹுஸ் நகர இசைக் கல்லூரியில் படித்தவர், மூலம் எதுவென்று தெரியாத ஒலிகளை வைத்து இசை செய்யும் மரபில் வந்தவர். பயப்படு, அழு என்று பின்னணி இசை ஆடுபவருக்குக் கட்டளை இடக் கூடாது என்பது அவர் கொள்கை. ஒலிகளைக் கம்பியில் பதியும் அந்தக் காலத்து ரிக்கார்டர் போன்ற கருவிகளில் ஓட்டித் தேய்த்து எடுத்தார். காற்றா, இயந்திரமா, தூரத்தில் யாரோ முனகுகிறார்களா என்று பிரித்தறிய முடியாதபடி ஆனது. படம் எப்படி நிழலானதோ அப்படியே ஒலியும் நிழலானது.

செய்ததில் ஏறக்குறைய எழுபது சதவீதத்தைத் தூக்கி எறிந்துவிட்டோம் என்று யென்சன் சொல்லியிருக்கிறார். நன்றாக வந்த காட்சியாக இருந்தாலும் அந்த இடத்தின் மனநிலைக்கு ஒட்டாவிட்டால் வெளியே. இதைக் கேட்ட பிறகு, விளையாட்டு மூன்று நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறதே என்ற புகாரை வேறு மாதிரிதான் கேட்க முடிகிறது.

வெளியான நேரமும் ஒரு விசேஷம். 2010 ஏப்ரலில்தான் அமெரிக்கத் திரை விமர்சகர் ரோஜர் ஈபர்ட் வீடியோ கேம்கள் ஒருபோதும் கலையாக முடியாது என்று எழுதிப் பெரிய சண்டையைக் கிளப்பியிருந்தார். கலைக்கு உதாரணமாக மற்றவர்கள் காட்டிய ‘பிரெய்டு’ என்ற புதிர் விளையாட்டையும் அவர் மதிக்கவில்லை. ஜூலை தொடக்கத்தில் கொஞ்சம் இறங்கி வந்து, ஆடிப் பார்க்காமல் பேசியிருக்கக் கூடாது என்றார். அதே மாதம் 21-ஆம் தேதி லிம்போ வந்தது. அதற்கு முன்பே சுயாதீன விளையாட்டு விழாவில் காட்சிக் கலைக்கும் தொழில்நுட்பத்துக்கும் இரண்டு விருதுகள் வாங்கியிருந்தது. எங்களிடமும் கலை இருக்கிறது என்று தூக்கிக் காட்டத் துடித்தவர்களுக்கு, கறுப்பு வெள்ளையில், வசனமில்லாமல், சாவைப் பற்றி ஒரு விளையாட்டு! பாராட்டில் ஒரு பங்கு இந்தத் தவிப்பிலிருந்தும் வந்தது என்றே நினைக்கிறேன்.

எதிர்த்தவர்களில் சத்தமாகப் பேசியவர்கள் விலையைப் பிடித்துக்கொண்டார்கள். 15 டாலர் கொடுத்து மூன்றரை மணி நேரமா? எனக்கு இது அரிசிக் கடைத் தராசாகப் படுகிறது. நேரத்தை நிறுத்து விலை போட்டால், எறியப்பட்ட எழுபது சதவீதத்தைத் திரும்பப் பொறுக்கி உள்ளே போட்டிருக்க வேண்டியதுதான்.

சாவு பற்றிய புகாரில் நியாயம் இருக்கிறது. புல்லுக்குள் பொறி இருப்பது மிதித்த பிறகுதான் தெரியும். ஒரு தடவை செத்தால்தான் விடையே கிடைக்கும் என்ற இடங்கள் ஏராளம். தலை துண்டாகும், உடல் சிதறும், சில நொடியில் சிறுவன் அதே இடத்தில் மீண்டும் நிற்பான். தப்பான வழி இது என்று எழுத்தில் சொல்ல மாட்டேன் என்று முடிவு செய்துவிட்டவர்களுக்கு, அதைச் சொல்ல மிஞ்சிய மொழி சாவு ஒன்றுதான். பார்க்கப் பொறுக்காதவர்களுக்காகக் கோரத்தைத் திரையில் மறைக்கும் வசதியையும் வைத்தார்கள். புத்தியைச் சோதிக்காமல் பொறுமையைச் சோதிக்கிறது என்று சொன்ன விமர்சகர்களை என்னால் மறுக்க முடியவில்லை.

நான் முழுதாக ஒப்புக்கொள்ளும் குறை இரண்டாம் பாதி. முதல் பாதியில் அந்தச் சிலந்தி இருக்கிறது. குழாயால் ஊதி அம்பு விடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மிதக்கும் பிணத்தின் மேல் கால் வைத்துத் தண்ணீரைத் தாண்ட வேண்டியிருக்கிறது. பின்னால் அந்தச் சிலந்தியையே மீண்டும் சந்திக்கிறோம். கால்களை இழந்து புழுபோல் கிடக்கும் அதன் கடைசிக் காலையும் பிய்த்து, உடலை உருட்டி முள் நிறைந்த குழியில் தள்ளி, அதன் மேல் ஏறிக் கடக்க வேண்டும். அதுவரை பயந்த ஆடுபவருக்கு அந்த நிமிடத்தில் தன் மேலேயே அருவருப்பு வருகிறது. இதெல்லாம் முடிந்து தொழிற்சாலைக்குள் நுழைந்தால் பல்சக்கரம், காந்தம், தலைகீழாகும் ஈர்ப்பு. புதிர்கள் கெட்டியாகின்றன, ஆனால் அந்த இடம் காணாமல் போய்விடுகிறது. முதல் பாதியில்தான் சம்பவங்கள் அதிகம் என்பதை யென்சனே பின்னாளில் ஒத்துக்கொண்டு, கடைசிக் கட்டத்தில் தன் மேற்பார்வை குறைந்ததைக் காரணமாகச் சொன்னார். இடத்தை வரைந்தவரின் கை தளர்ந்த இடத்தில் புதிர் போட்டவரின் கை ஓங்கியது, அவ்வளவுதான். கழித்தல் இங்கே பலிக்கவில்லை. வேண்டாததோடு வேண்டியதும் சேர்ந்து போயிருக்கிறது.

முடிவைப் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. கண்ணாடிச் சுவரை உடைத்துக்கொண்டு விழும் சிறுவன் காட்டில் எழுந்திருக்கிறான். சற்றுத் தள்ளி ஒரு பெண் குழந்தை முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறாள். அவன் நெருங்க, அவள் திடுக்கிட்டு நிமிர, திரை இருண்டுவிடுகிறது. தங்கையோ அக்காவோ, உடன்பிறந்தவளின் கதி தெரியாமல் அவன் இங்கே வந்தான் என்பதே விற்பனைக் குறிப்பில் இருந்த ஒற்றை வரித் தகவல்; விளையாட்டுக்குள் அதுவும் கிடையாது. இருவரும் இறந்தவர்கள் என்பார்கள், அவள் மட்டும் என்பார்கள், எல்லாம் கனவு என்பார்கள். பாதிக் கதையைக் கொடுத்து மீதியை எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கோபித்தவர்களும் உண்டு. முதலில் இருந்தே கதை இல்லாமல் இடம் மட்டும் இருந்த ஒன்றிடம் முடிவைக் கேட்பது நியாயமா என்று எனக்குத் தோன்றுகிறது.

விற்பனைக்குக் குறைவில்லை. 2011-இல் யென்சனும் பட்டியும் முதலீட்டாளர்களிடமிருந்து நிறுவனத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பிளேஸ்டேஷன் 3, கணினி என்று மற்ற தளங்களுக்கும் விளையாட்டு போனது. அடுத்த படைப்பான ‘இன்சைடு’ வர 2016 ஆகிவிட்டது. மறுபடியும் ஒரு சிறுவன், மறுபடியும் வசனமில்லை; ஒலிகளை ஆண்டர்சன் இந்த முறை நிஜ மனித மண்டையோட்டின் வழியாக ஓட்டிப் பதிவு செய்தார். அந்த ஆண்டே பட்டி விலகினார். கார்ல்சனும் பின்னர் வெளியேறி 2023-இல் ‘கொக்கூன்’ என்ற புதிர் விளையாட்டைக் கொண்டுவந்தார். அதில் வண்ணம் கொட்டிக் கிடக்கிறது. எழுத்தும் பேச்சும் மட்டும் அதிலும் கிடையாது. நடப்பதைத் தவிர ஆடுபவருக்கு அவர் விட்டுவைத்தது ஒரே ஒரு பொத்தான்.