பெட்டிக்குள் அடங்கிய உழைப்பு

ஐக்கிய அமெரிக்க நாட்டில் ஆண்டுதோறும் நவம்பர்த் திங்கள் நான்காம் வியாழக்கிழமை நன்றி கூறும் திருநாளாகக் கொண்டாடப்பெறுகின்றது. அன்று உற்றார் உறவினர் ஒருங்கு கூடி உண்பர். அவ்விருந்திற்கென இல்லத்தரசியர் பலர் செய்யும் கேக் ஒன்று உண்டு. அதைச் செய்யும் முறை மிக எளிது. டப்பாவில் அடைத்து விற்கும் பரங்கிக்காய் விழுதோடு முட்டை, வற்றக் காய்ச்சிய பால், சர்க்கரை, இலவங்கப்பட்டைத் தூள் ஆகியவற்றைக் கலந்து ஓர் அகன்ற தட்டில் ஊற்றுவர். கடையில் வாங்கிய கேக் மாவுப் பெட்டியைப் பிரித்து, மாவை நீர் சேர்க்காமல் அப்படியே அதன்மேல் தூவுவர். மாவின்மேல் பெக்கான் என்னும் கொட்டையை உடைத்துப் பரப்பி, உருக்கிய வெண்ணெயை ஊற்றி, சூட்டடுப்பில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வைத்து எடுப்பர். பிசைதல் இல்லை; கடைதலும் இல்லை. கீழிருந்து எழும் ஆவியும் மேலிருந்து இறங்கும் வெண்ணெயும் இடையிலுள்ள மாவை நனைத்து வேகச் செய்கின்றன. மேலே கிடக்கும் கொட்டை வெப்பத்தில் வறுபட்டு மணம் பெறுகின்றது.

சிறுமி ஒருத்திகூடச் செய்துவிடக்கூடிய வேலை இது. ஆனால் இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கேக் செய்வதென்றால் அரைநாள் உழைப்பு வேண்டும். அவ்வுழைப்பு எங்கே போயிற்று? மறைந்துவிட்டதா, அன்றி ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறிற்றா? மாணவ நண்பர்களே, இவ்வினாவை மனத்திற் கொண்டு அந்தப் பெட்டியைச் சற்றுத் திறந்து பார்ப்போம்.

கேக் மென்மையாக இருக்க வேண்டுமாயின் மாவினுள் காற்று புக வேண்டும். பழங்காலத்தில் முட்டையை நெடுநேரம் கையால் அடித்தே காற்றை உட்செலுத்தினர். ஒரு மணி நேரம் அடிக்க வேண்டுமென்று விதித்த சமையற் குறிப்புகளும் உண்டு. செல்வர் வீடுகளில் அவ்வேலை பணிப்பெண்களுடையது. அமெரிக்கத் தென்பகுதியில் அது பெரும்பாலும் அடிமைப் பெண்களுடையது. 1796-இல் ஹார்ட்ஃபோர்டு நகரில் வெளிவந்த அமீலியா சிம்மன்சின் சமையல் நூல், விறகுச் சாம்பலிலிருந்து எடுத்த ஒருவகை உப்பை மாவில் சேர்க்கச் சொல்கிறது. அவ்வுப்பு புளிப்போடு சேருங்கால் வளி எழுந்து மாவை உப்பச் செய்யும். பின்னர், ஜெர்மனியில் லீபிக் என்னும் பேரறிஞரிடம் பயின்று திரும்பிய ஈபன் ஹார்ஸ்ஃபோர்டு, 1856-இல் ஒரு பாஸ்பேட் உப்பைச் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். சோடா உப்போடு அதைச் சேர்த்து, ஈரம் படாமல் வைத்திருந்தால், வேண்டியபோது நீர் பட்டவுடன் வளி எழும். இங்கேதான் பெட்டி மாவின் விதை ஊன்றப்பட்டது. உப்பவைக்கும் ஆற்றலை உலர்ந்த தூளாகச் சேமித்து வைக்கலாம் என்பது தெளிவாயிற்று.

அடுத்த காட்சி பிட்ஸ்பர்க் நகரில். அங்கே டஃப் என்பாரின் குடும்ப நிறுவனம் கரும்புப் பாகு விற்று வந்தது. ஜான் டஃப் அப்பாகை மாவோடு கலந்து உலர்த்தித் தூளாக்கினார். அத்தூளோடு முட்டைத் தூள், கொழுப்பு, இஞ்சி முதலியவற்றையும் சேர்த்தார். நீர் ஊற்றினால் இஞ்சிக் கேக்குக்குரிய கலவை ஆயிற்று. 1930-இல் விண்ணப்பித்த அவருக்கு 1933-இல் காப்புரிமை கிடைத்தது. அதே ஆண்டில் இரண்டாம் விண்ணப்பம் ஒன்றையும் அனுப்பினார்; அதற்குரிய காப்புரிமை 1935-இல் வழங்கப்பெற்றது. அவ்விண்ணப்பத்தில், இல்லத்தரசியர் முட்டைத் தூளைவிடப் புதிய முட்டையையே விரும்புகின்றனர் என்று காரணம் காட்டி, முட்டையைத் தாமே உடைத்துச் சேர்க்கும் வகையில் கலவையை மாற்றியிருந்தார். இச்செய்தியை நினைவிற் கொள்க. சிறிது நேரத்தில் இது நமக்குப் பயன்படும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் பெரிய மாவாலைகள் இத்துறையில் இறங்கின. மினியாபொலிஸ் நகரத்து ஜெனரல் மில்ஸ் 1947-இல் இஞ்சிக் கேக் மாவையும், பில்ஸ்பரி 1948-இல் சாக்லேட் கேக் மாவையும் விற்பனைக்குக் கொண்டுவந்தன. மக்கள் ரொட்டியைக் கடையிலேயே வாங்கத் தொடங்கிவிட்டமையால் வீட்டுக்கு மாவு வாங்குவது குறைந்திருந்தது. ஆகவே ஆலைகளுக்குப் புதுவழி தேவைப்பட்டது.

ஜெனரல் மில்ஸ் பெட்டியின்மேல் பெட்டி கிராக்கர் என்னும் பெண்ணின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. அப்படியொரு பெண் பிறந்ததே இல்லை. 1921-இல் வீட்டுப் பெண்கள் எழுதிக் கேட்ட சமையல் ஐயங்களுக்கு விடையெழுதிக் கையொப்பமிட அந்நிறுவனத்தின் முன்னோடி படைத்துக்கொண்ட பெயர் அது. 1924 முதல் அப்பெயரில் வானொலியில் சமையல் வகுப்பும் நடந்தது. குரல் கொடுத்தோர் பலர். 1945-இல் ஃபார்ச்சூன் என்னும் இதழ், அமெரிக்காவில் மிகுதியும் அறியப்பட்ட பெண்மணியருள் குடியரசுத் தலைவரின் துணைவி எலினார் ரூஸ்வெல்ட்டுக்கு அடுத்த இடத்தை இந்த இல்லாத பெண்ணுக்கு அளித்தது. வானொலியின் வலிமைக்கு இதனினும் வேடிக்கையான சான்று ஒன்று வேண்டுமோ!

இனி அந்த முட்டைக்கு வருவோம். விளம்பரத் துறை நூல்களில் அடிக்கடி காணப்படும் கதை ஒன்று உண்டு. முதலில் வந்த மாவில் முட்டைத் தூளும் சேர்ந்தே இருந்ததாம். நீர் மட்டும் ஊற்றிக் கேக் செய்வது தம் கடமையினின்று நழுவுவதாகும் என்று பெண்கள் கூசினராம். வியன்னாவில் பிறந்து 1938-இல் அமெரிக்கா சென்ற எர்னஸ்ட் டிக்டர் என்னும் உளவியலார் இதைக் கண்டுபிடித்து, முட்டையைப் பெண்களே சேர்க்க விடுங்கள் என்று 1950-களில் அறிவுரை கூறினாராம். உடனே விற்பனை பெருகிற்றாம். கதை சுவையானதே. ஆயினும் ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் அது நிற்கவில்லை. டிக்டர் அமெரிக்க மண்ணில் கால்வைப்பதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே டஃப் புதிய முட்டையைப் பற்றி எழுதிவிட்டார். 1951-இல் வெளிவந்த டங்கன் ஹைன்ஸ் மாவும் புதிய முட்டை சேர்க்கும் வகையினதே. உளவியலார் கூறியதில் ஒரு பகுதி உண்மை இருக்கலாம். ஆனால் அதனினும் எளிய காரணம் கண்முன் இருக்கிறது: புதிய முட்டை சேர்த்த கேக்கே சுவையிலும் மென்மையிலும் சிறந்தது. நாவால் அறிந்து பெண்கள் செய்த தேர்வை, அவர்தம் உள்ளத்தில் ஒளிந்திருந்த குற்றவுணர்ச்சியின் விளைவென்று கதை திரித்துவிட்டது. பெண்களின் அறிவை ஒத்துக்கொள்வதைவிட அவர்களின் மயக்கத்தைக் கண்டுபிடித்தோம் என்று பேசுவது சிலருக்கு எளிதாக இருந்தது போலும்.

மாவு ஆலையில் கலந்தது. சாம்பலும் புளிப்பும் செய்த வேலையை உப்புத்தூள் செய்தது. பெட்டியில் அடங்காத பொருள் ஒன்று எஞ்சி நிற்கிறது. அதுதான் மேலே தூவும் கொட்டை. என் கருத்தில், இக்கேக்கின் வரலாற்றிலே மிகவும் கனமான பகுதி இதுவே.

பெக்கான் வட அமெரிக்காவின் சொந்த மரம். கல்லால் உடைக்கும் கொட்டை என்னும் பொருளுடைய பழங்குடிச் சொல்லிலிருந்து அதன் பெயர் வந்தது. காட்டு மரத்தின் கொட்டையைப் பழங்குடியினர் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பொறுக்கி உண்டு வந்தனர். ஆனால் விதையிட்டு வளர்த்தால் தாய்மரத்தின் பண்பு கன்றுக்கு அப்படியே வருவதில்லை. நல்ல மரத்தைப் பெருக்க வேண்டுமானால் ஒட்டுக் கட்ட வேண்டும். அது இம்மரத்தில் எளிதன்று. லூசியானாவில் கோலோம் என்னும் மருத்துவர் ஒருவர், மெல்லிய ஓடுடைய சிறந்த மரம் ஒன்றைக் கண்டு, தாமே ஒட்டுக் கட்ட முயன்று தோற்றார். பின்னர் அம்மரத்தின் கிளைகளை மிசிசிப்பி ஆற்றங்கரையிலிருந்த ஓக் ஆலி என்னும் கரும்புப் பண்ணைக்குக் கொண்டுவந்தார். அங்கே அந்துவான் என்பார் தோட்ட வேலை செய்துவந்தார். அவர் ஓர் அடிமை. 1846-ஆம் ஆண்டு குளிர்காலத்தையொட்டி அவர் 16 மரங்களில் ஒட்டுக் கட்டி வெற்றி கண்டார். உள்நாட்டுப் போர் முடிந்த 1865-க்குள் அம்மரங்கள் 126 ஆகிவிட்டன. 1876-இல் பிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டுப் பொருட்காட்சியில் அக்கொட்டைக்குப் பாராட்டுச் சான்று கிடைத்தது. நூற்றாண்டு என்னும் பொருள்பட 'சென்டென்னியல்' என்று அதற்குப் பெயரும் இட்டனர். சான்று பெற்றவரோ பண்ணையை அப்போது உடைமையாகக் கொண்டிருந்தவர். அந்துவானின் முழுப்பெயர்கூட ஏடுகளில் இல்லை. பெக்கான் தோட்டத்தொழில் என்று இன்று பெருகி நிற்பதற்கெல்லாம் அடிப்படை அந்தக் கைகள் செய்த வேலையே.

விளைந்த கொட்டையை உடைத்துப் பருப்பெடுத்தவர் யார்? இதற்கு விடை டெக்சாசு மாநிலத்து சான் அன்டோனியோ நகரில் கிடைக்கும். 1930-களில் அந்நகரத்தில் ஏறக்குறைய 12,000 பேர் இவ்வேலையில் ஈடுபட்டிருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் மெக்சிகோ வழிவந்த பெண்கள். உடைக்கும் எந்திரங்கள் அதற்கு முன்பே வந்துவிட்டன. ஆயினும் மனிதக் கை எந்திரத்தைவிட மலிவாகக் கிடைத்தமையால் முதலாளிகள் எந்திரத்தை ஒதுக்கிவிட்டுக் கையுழைப்புக்கே திரும்பினர். எந்திரத்தினும் மலிவானவன் மனிதன் என்னும் நிலை எத்துணைக் கொடியது! காற்றோட்டமற்ற கொட்டகைகளில் கொட்டைத்தூசு நிறைந்திருந்தது, காசநோயும் பரவியிருந்தது. வாரம் முழுதும் உழைத்தாலும் 2 அல்லது 3 டாலரே கூலி. 1938-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் அக்கூலியையும் ஒரு பவுண்டுக்கு 1 சென்டு வீதம் குறைத்தனர். சனவரி 31-ஆம் நாள் தொழிலாளர் வேலையை நிறுத்தி வெளியேறினர். அவர்களை முன்நின்று எழுப்பிய எம்மா டெனாயூக்கா என்னும் பெண்ணுக்கு அப்போது வயது 21. கல்லூரி மாணவர்களாகிய உங்களுள் பலர் வயதுதான். காவலர் கண்ணீர்ப்புகை வீசினர், நூற்றுக்கணக்கானோரைச் சிறையிலிட்டனர். மார்ச்சுத் திங்களில் இருசாராரும் நடுவர் தீர்ப்புக்கு இசைந்தனர். கூலி சிறிது உயர்ந்தது.

அதே ஆண்டு அக்டோபரில் நாடு முழுமைக்கும் உரிய குறைந்தபட்சக் கூலிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மணிக்கு 25 சென்டு தர வேண்டும் என்று சட்டம் கூறியவுடன், ஒதுக்கி வைத்திருந்த எந்திரங்கள் மீண்டும் கொட்டகைக்குள் வந்தன. சில ஆண்டுகளுக்குள் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை இழந்தனர். வென்ற போராட்டத்தின் பயனை அவர்கள் நெடுநாள் நுகரவில்லை. கடைகளில் உடைத்த பருப்பு பையில் அடைத்து வந்தது. வீட்டில் ஒரு கொட்டையையும் உடைக்க வேண்டாத நிலை ஏற்பட்டது.

எம்மா டெனாயூக்கா அந்நகரத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. கலிபோர்னியாவில் பட்டம் பெற்று, பல்லாண்டுகளுக்குப் பின் சான் அன்டோனியோவுக்கே திரும்பி, 1982 வரை பள்ளியாசிரியையாகப் பணிபுரிந்தார். 1999-இல் காலமானார்.