மூடிமேல் நிற்கும் எருமை

மேற்கு மெக்சிகோவில், கொலிமாவின் ஆழ்குழிக் கல்லறைகளில் கிடைத்த செம்மண் நாய்களை நான் படங்களில்தான் பார்த்திருக்கிறேன். கொழுத்த உடம்பு, தேய்த்து மெருகேற்றிய மேனி, வாலிலோ தலையிலோ குழாய்வாய். நாயும் அதுதான், கலமும் அதுதான். ஏறத்தாழ கி.மு. 300க்கும் கி.பி. 300க்கும் இடைப்பட்டவை. ஓவியர் தியகோ ரிவேரா இவற்றைத் தேடித்தேடிச் சேர்த்தார். பெரும்பாலானவை கல்லறைத் திருடர்கள் தோண்டியவை. எந்தப் பிணத்தின் பக்கத்தில் எந்த நாய் கிடந்தது என்பது தொலைந்துபோச்சு. அழகு மட்டும் மிஞ்சியது.

நம்ம கதை என்ன? நீலகிரியின் முதல் கமிஷனர் பிரீக்ஸ் அங்குள்ள கல்வட்டங்களைத் தோண்டி எடுத்த பானைகள் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்தன. வளையம் வளையமாக ஏறும் உடல். மூடிமேல் வளைந்த கொம்போடு எருமை, பறவை, குதிரைவீரன். உள்ளே எரிந்த எலும்பு. 1872இல் பிரீக்ஸ் இறந்தார். மறுவருடம் வந்த அவருடைய புத்தகத்தின் தலைப்பிலேயே ‘பிரிமிட்டிவ்’ என்ற சொல் உட்கார்ந்திருக்கிறது.

அன்றைக்கு ‘பிரிமிட்டிவ்’ என்றார்கள், இன்றைக்குக் ‘கலை’ என்கிறோம். முன்னது இழிவு, பின்னது மரியாதை என்று நாம் நம்புகிறோம். எனக்கென்னவோ இரண்டும் ஒரே கண்ணாடிப்பெட்டியின் இரண்டு பக்கங்களாகத்தான் படுகின்றன. இரண்டிலுமே செத்தவரும் இல்லை, செய்தவரும் இல்லை. புறநானூற்றிலோ கணவனை இழந்த ஒருத்தி, தனக்கும் இடம் இருக்கும்படி தாழியை அகலமாகச் செய்யச் சொல்லிக் குயவரிடமே நேராகப் பேசுகிறாள். அந்தப் பேச்சுவார்த்தையைத்தான் அருங்காட்சியகம் அறுத்துவிட்டது.

மயிலாப்பூர் வடக்கு மாடவீதியில் கொலுப்பொம்மை விற்கும் ஓர் அம்மாவிடம் எருமைமூடியின் படத்தைக் காட்டினேன். அவங்க சொந்தமா மண் பிசைகிறவர். ரொம்ப நேரம் பார்த்தார்.

“கை தெரிஞ்சவங்க செஞ்சதுப்பா. காலை தனியா உருட்டி ஒட்டியிருக்காங்க. இது யாருக்கு?”

“செத்தவங்களுக்கு.”

“அப்ப விக்கிறதுக்கு இல்லையா?”

இல்லை என்றேன்.

“அப்புறம் எதுக்கு எடுத்தாங்க?”

அழகியல் பற்றி நான் படித்த எதிலும் இந்தக் கேள்வி இல்லை. கொலிமா நாயை ரசிக்கும்போதும் இனி இது எனக்குக் கேட்கும். ரசிக்க வேண்டாம் என்றில்லை. அந்த அம்மா முதலில் பார்த்தது கையைத்தான், அப்புறம் கேட்டது செத்தவரைத்தான். நாமும் அந்த வரிசையில் பார்க்கப் பழகலாம்.