பேரேட்டில் வராத பஞ்சம்

பஞ்சத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எண்களில்தான் ஆரம்பிக்கிறார்கள். அயர்லாந்தின் ஜனத்தொகை 1841இல் 81 லட்சத்துச் சொச்சம். 1851இல் 65 லட்சத்துச் சொச்சம். இடையில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். அதற்கும் அதிகமானவர்கள் கப்பலேறிப் போனார்கள். வங்கியில் பேரேட்டோடு காலந்தள்ளுகிறவன் நான். கணக்கு நேராகிவிட்டால் மனசு அடங்கிவிடுவதை தினமும் சாயங்காலம் பார்க்கிறேன். பஞ்சத்தின் கணக்கும் அந்த அடக்கத்தைத்தான் தருகிறது. எனக்குள் அதைக் கலைத்தது சரித்திரப் புத்தகம் அல்ல, ஒரு இசைத்தட்டு.

ப்ரைமார்டியல் குழு 1987இல், டப்ளினுக்கு வடக்கே ஸ்கெரீஸ் என்ற கடலோர ஊரில் உருவானது. எக்ஸ்ட்ரீம் மெட்டல் என்று வகைப்படுத்தப்படும் இசை. வெறும் இரைச்சல் என்று நம்மில் பலர் கதவைச் சாத்திக்கொள்ளும் இசை. இந்த வகையில் பல குழுக்கள் நரகத்தையும் சாத்தானையும் வலிந்து வரவழைத்துக்கொண்டவை. ப்ரைமார்டியலுக்கு அந்தச் சிரமம் இருக்கவில்லை. நரகம் அவர்கள் நாட்டுச் சரித்திரத்திலேயே, தேதியோடு, இருந்தது. 2005இல் வெளியான 'தி கேதரிங் வில்டர்னஸ்' ஏழு பாட்டுகள் கொண்டது. ஐந்தாவது பாட்டு 'தி காஃபின் ஷிப்ஸ்', அதாவது சவப்பெட்டிக் கப்பல்கள்.

இந்தப் பெயர் கவிஞன் கட்டிய படிமம் அல்ல. 1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. செடி சில நாளில் கறுத்து அழுகிற்று. துண்டு நிலத்தில் கிழங்கை மட்டுமே நம்பியிருந்த குத்தகைக்காரனுக்கு வேறு உணவில்லை. நாட்டில் தானியம் விளையாமலில்லை. குத்தகைப் பணத்துக்காக விற்கப்பட்டு இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தது. கனடாவிலிருந்து மரம் ஏற்றிவந்த கப்பல்கள் திரும்புகையில் மனிதர்களை ஏற்றிக்கொண்டன. அடித்தளத்தில் டைஃபஸ் காய்ச்சலும் கூடவே பிரயாணம் செய்தது. க்யூபெக் அருகே க்ரோஸ் ஈல் தீவில் 1847இல் மட்டும் 5,000க்கு மேற்பட்டவர்கள் புதைக்கப்பட்டார்கள்.

நிவாரணக் கணக்கை லண்டன் கஜானாவில் கையில் வைத்திருந்தவர் சார்ல்ஸ் ட்ரெவெல்யன். 1847 கோடையில் கஞ்சித்தொட்டிகள் ஒரு கட்டத்தில் தினம் 30 லட்சம் பேருக்கு ஊற்றின. சில மாதங்களிலேயே அவை மூடப்பட்டன. 1848இல் அவர் எழுதிய 'தி ஐரிஷ் க்ரைசிஸ்' பஞ்சத்தைக் கடவுளின் ஏற்பாடாகவே பார்த்தது. இதே மனிதர் 1859இல் சென்னைக்கு கவர்னராக வந்தார். கல்கத்தாவின் புதிய வரித் திட்டத்தைப் பகிரங்கமாக எதிர்த்ததற்காக மறுவருஷமே திருப்பியழைக்கப்பட்டார். அவரை அரக்கனாக்கிவிட்டால் நமக்குச் சௌகரியம். ஆனால் அவர் நேர்மையான, கடுமையாக உழைத்த குமாஸ்தா. எனக்குப் பயம் தருவது அதுதான். அவர் கணக்கு தவறவில்லை. கணக்குக்குள் மனிதன் வரவில்லை.

பாட்டு ஏறத்தாழப் பத்து நிமிஷம். கிடார்கள் ஒரே அலையைத் திரும்பத் திரும்ப எழுப்புகின்றன. கதை எங்கும் நகர்வதில்லை. கனம் மட்டும் கூடிக்கொண்டே போகிறது. பாடகர் நெம்தியங்காவின் புனைபெயருக்கு விஷநாக்கு என்று பொருள். பழைய ஐரிஷ் கதைகளில் கலகமூட்டும் ப்ரிக்ரியுவின் பட்டப்பெயர் அது. அவர் குரல் பாடுவதற்கும் ஒப்பாரிக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. பஞ்சம் அதிகமாகத் தின்றது ஐரிஷ் மொழி பேசிய மேற்குப் பகுதி ஏழைகளை. துக்கம் கொண்டாட வேண்டிய மொழியே துக்கத்துக்கு உரியவர்களோடு மண்ணுக்குள் போயிற்று. பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் இங்கிலீஷில் பாடுகிறார்கள். சொல் கைவிடும் இடத்தில் குரல் கிழிகிறது. அந்தக் கிழிசலை அலங்காரம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

இவர்களுடைய முதல் இசைத்தட்டின் பெயர் 'இம்ராமா' (1995). மேற்கே கடலோடி அதிசயத் தீவுகளைக் கண்டவர்களின் பழைய ஐரிஷ் கதை வகைக்கு அந்தப் பெயர். பத்து வருஷம் கழித்து அதே கடல், அதே மேற்குத் திசை. கண்ட தீவு மட்டும் க்ரோஸ் ஈல்.

குறை உண்டு. செத்தவர்கள் ஒரே திரளாகிவிடுகிறார்கள். தனி முகம் எதுவும் துலங்குவதில்லை. துக்கத்தின் பிரம்மாண்டத்தில் கேட்கிறவனுக்கு ஒருவித ருசியும் ஏற்பட்டுவிடுகிறது. எனக்கும் ஏற்பட்டது, அதற்காகக் கூச்சப்பட்டேன். ஆனாலும் இந்தப் பாட்டு கணக்கை நேராக்கித் தருவதில்லை. முடிந்த பிறகும் பாக்கி நிற்கிறது. அந்தப் பாக்கியைத் தள்ளுபடி செய்யாமல் வைத்திருப்பது சரித்திரத்தின் வேலை என்றால், இந்த இரைச்சலையும் சரித்திரம் என்றே சொல்வேன்.