கண்ணாடித் தொட்டிக்குள் கடல் கல்

நன்னீர் மீன் வளர்க்கிறவர்களிடம் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு: கடலிலிருந்து வந்த கல்லை அழகுக்காகத் தொட்டியில் வைக்கலாமா? பதில் தேட 1850-க்குப் போகவேண்டும்.

அந்த ஆண்டுதான் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர், தங்கமீன் இரண்டு, வாலிஸ்னேரியா செடி, குளத்து நத்தை எல்லாம் ஒரே கண்ணாடிப் பாத்திரத்தில் சேர்ந்து வாழ்ந்ததை லண்டன் வேதியியல் சங்கத்துக்குத் தெரிவித்தார். செடியும் நத்தையும் பிரபலமாகிவிட்டன. கூடவே கிடந்த கற்களை யாரும் பேசுவதில்லை. அவற்றில் இங்கிலாந்தின் மாட்லாக் பக்கத்துச் சுண்ணாம்புக் கல்லும் இருந்தது. ஆக, நன்னீர்த் தொட்டிக்குச் சுண்ணாம்பு புதுசு இல்லை. தங்கமீன் கடினநீரைத் தாங்கும். நத்தைக்கோ ஓடு கட்டச் சுண்ணாம்பே வேண்டும்.

1853-ல் லண்டன் விலங்குக் காட்சியகத்தில் மீன் இல்லம் திறந்தது. அடுத்த ஆண்டு பிலிப் ஹென்றி கோஸ் எழுதிய 'தி அக்வேரியம்' வெளிவந்ததும் வீட்டுக்கு வீடு தொட்டி ஆசை பற்றிக்கொண்டது. ஜனங்கள் சுத்தியலும் உளியுமாகக் கடற்கரைக்குக் கிளம்பினார்கள். பாறைக் குட்டைகள் எப்படிச் சூறையாடப்பட்டன என்று பிறகு வருத்தத்தோடு பதிவு செய்தவர் கோஸின் மகன் எட்மண்டே, 1907-ல்.

1961-ல் ஜகார்த்தாவின் லீ சின் எங் தன் முறையை ஓர் அமெரிக்க மீன் இதழில் விவரித்தார். உயிரிகள் ஒட்டிய பவளக்கல், கடல்நீர், கொஞ்சம் காற்றுக்குமிழி, அவ்வளவுதான். கல்லில் வாழும் பாக்டீரியாக்களே கழிவைச் சுத்தம் செய்யும். இன்று 'லைவ் ராக்' என்று விற்பது இதைத்தான்.

ஆனா அதே கல்லை நன்னீரில் போட்டால் கதை தலைகீழ். உப்பு இல்லாமல் அதிலுள்ள புழு, கடற்பஞ்சு, பாசி எல்லாம் செத்து அழுகும், அம்மோனியா ஏறும். போதாக்குறைக்கு நீரின் காரத்தன்மை கூடக்கூட அம்மோனியாவின் நச்சும் கூடும். சுத்தம் செய்ய வந்த கல்லே மீனைக் கொல்லும்.

சரி, காய்ந்துபோன வெள்ளைக் கல்? அது பவளப்பூச்சி கட்டிய எலும்புக்கூடு, கால்சியம் கார்பனேட். அமிலம் கலந்த மென்னீரில் மெல்லக் கரைந்து கடினத்தன்மையையும் பிஎச்-ஐயும் உயர்த்தும். ஒரு சொட்டு வினிகர் விட்டால் நுரைக்குமே, அதே வேதியியல்தான். அமேசான் மென்னீரில் பிறந்த நியான் டெட்ரா, டிஸ்கஸ் மீன்களுக்கு இது ஆகாது. ஆப்பிரிக்காவின் டாங்கன்யிகா ஏரி சிக்லிட்களுக்கோ இதுதான் ஊர்த் தண்ணீர். அந்த ஏரியின் பிஎச் கிட்டத்தட்ட 9. அதனால்தான் சிக்லிட் வளர்ப்பவர்கள் பவளத்தூளை விரும்பிப் போட்டார்கள்.

இதுவரை சொன்னது தண்ணீர்க் கணக்கு. கல் எங்கிருந்து வந்தது என்ற கணக்கு தனி. நம் மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பல்லாண்டுகள் பவளப்பாறை வெட்டினார்கள். 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி இரண்டும் இன்று நீருக்கடியில். அலையைத் தடுத்த பாறையை வெட்டியெடுத்தால் மணல் தீவு எத்தனை நாள் நிற்கும்? 2001-ல் பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. வெட்டுவதும் விற்பதும் குற்றம்.

சிக்லிட் வைத்திருப்பவர்களுக்குக்கூடப் பவளம் தேவையே இல்லை. கிளிஞ்சல் அல்லது நிலத்துச் சுண்ணாம்புக்கல் போதும், தண்ணீருக்கு வித்தியாசம் தெரியாது. வாரிங்டனின் அந்த நன்னீர்ப் பாத்திரத்தில் கிடந்ததும் மாட்லாக் பக்கத்துச் சுண்ணாம்புக் கல்தான்.