ஏடும் ஏரும்

“அரைக் காசு உத்தியோகமானாலும் அரசாங்க உத்தியோகம்” என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. “உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது” என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் கேட்டு வளர்ந்த இளைஞன் கல்லூரியில் வேளாண்மையை நாடாததில் வியப்பில்லை. உழவர் வீட்டுப் பிள்ளை படிப்பதே உழவினின்று விடுபடத்தான் என்ற எண்ணம் நெடுநாள் நிலவியது. அவ்வெண்ணத்தை மீறி நடந்த ஒருவரின் வரலாறு தலைநகர் தில்லியோடு பிணைந்துள்ளது.

தில்லியில் வாழும் தமிழர் பூசா என்னும் இடத்தை அறிவர். பூசா உண்மையில் பீகாரிலுள்ள ஓர் ஊர். அங்கே 1905-ல் தோன்றிய வேளாண் ஆராய்ச்சி நிலையம், 1934-ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் சிதைந்தது; 1936-ல் தில்லிக்குப் பெயர்ந்தது. ஊர்ப் பெயரும் உடன் வந்தது. 1958-ல் அந்நிலையம் பல்கலைக்கழகத்துக்கு நிகரான தகுதி பெற்றது.

இங்கு 1947-ல் மாணவராய் வந்தவர், கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன். தந்தையார் மருத்துவர், மகனும் மருத்துவராவார் என்பதே குடும்பத்தாரின் எதிர்பார்ப்பு. ஆனால் 1943-ல் வங்கப் பஞ்சம் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. அச்செய்தி அவரைக் கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரிக்கு அழைத்துச் சென்றது. பின்னர் இந்தியப் போலீஸ் பணிக்குத் தேர்வு பெற்றும், அவர் அதனை ஏற்காமல் பயிர் ஆராய்ச்சியையே தொடர்ந்தார்.

அம்முடிவின் பயனை நாடு விரைவிலேயே கண்டது. உரம் மிகுந்தால் நம் பழைய நெடுங்கோதுமை கதிரின் பாரம் தாங்காது சாய்ந்துவிடும். மெக்சிகோவின் குட்டைக் கோதுமையோ நிமிர்ந்து நிற்கும். தில்லியை அடுத்த ஜௌந்தி கிராமத்து உழவர், விஞ்ஞானிகளோடு கூடி அதன் விதையைப் பெருக்கினர். உணவமைச்சராயிருந்த சி. சுப்பிரமணியம் தம் தில்லி இல்லத்துப் புல்வெளியிலேயே அதனைப் பயிரிட்டுக் காட்டினார். 1966-ல் 18,000 டன் விதை வந்திறங்கியது. 1964-65-ல் சுமார் 120 லட்சம் டன்னாயிருந்த விளைச்சல், 1967-68-ல் 165 லட்சம் டன்னாக உயர்ந்தது.

ஆயினும் 1968-ல் வாரணாசியில் கூடிய அறிவியல் மாநாட்டில், மண்வளத்தையும் நிலத்தடி நீரையும் பேணாத சாகுபடி கேட்டில் முடியும் என்று எச்சரித்தவரும் அதே சுவாமிநாதனே. பஞ்சாபில் இன்று ஆழ்ந்துபோன நிலத்தடி நீர் அவ்வெச்சரிக்கையை மெய்ப்பிக்கிறது.

வேளாண் பட்டம் பெற்றும் வங்கி வேலையையோ ஆட்சிப் பணியையோ நாடுவோர் இன்றும் பலர். அவர்களைக் குறை கூறிப் பயனில்லை. உழவுக்கு வருவாயும் மதிப்பும் குறைவாயிருக்கும்வரை இந்நிலை நீடிக்கும். எனினும் பிறமாநிலங்களில் வாழும் தமிழ்ப் பெற்றோர் ஒன்றை எண்ணிப் பார்த்தல் நலம். பஞ்சத்தைத் தீர்த்தது கல்வி. அத்தீர்வு ஈன்ற புதிய சிக்கலைத் தீர்ப்பதும் கல்வியே. வயலை நாடும் மகனையோ மகளையோ தடுக்கு முன், அக்கல்வி இந்நாட்டுக்கு இட்ட சோற்றை நினைவுகூர்வோமாக.