நெல் இனக்கலப்பு: பெற்றோர் ரகங்களைத் தேர்வு செய்வது எப்படி?

சொந்த வயலில் இரண்டு நெல் ரகங்களை இனக்கலப்பு செய்து புதிய ரகம் எடுக்க விரும்பும் விவசாயிகள், எந்த இரண்டைச் சேர்ப்பது என்பதற்கே அதிக நேரம் ஒதுக்க வேண்டும். அதில் தவறினால், பல பருவம் பயிர் செய்த பிறகுதான் தவறு தெரியவரும்.

உங்கள் பகுதியில் நன்றாக விளையும் ரகத்தைத் தாயாக எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பெரிய குறை எது? சாய்கிறதா, நோய் தாக்குகிறதா, வயது அதிகமா? அந்தக் குறை இல்லாத ரகம்தான் தந்தையாக இருக்க வேண்டும். இரண்டும் நல்ல விளைச்சல் தருகின்றன என்பதற்காக மட்டும் சேர்க்கக்கூடாது.

ஏடிடி 43 ரகத்தையே பாருங்கள். வெள்ளைப் பொன்னியின் அரிசி சன்னம். ஆனால் வயது 135 நாளுக்கு மேல். ஐ.ஆர். 50 சுமார் 105 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். இந்த இரண்டின் வழியில் வந்த ஏடிடி 43-க்குச் சன்ன அரிசியும் கிடைத்தது, வயதும் சுமார் 110 நாளாகக் குறைந்தது. ஆனால் பெற்றோர் இரண்டுக்குமே குலைநோய் எளிதில் வரும். ஏடிடி 43-ம் அதற்குத் தப்பவில்லை. பெற்றோரிடம் இல்லாத நோய் எதிர்ப்பைப் பிள்ளையிடம் எதிர்பார்க்க முடியாது.

தந்தை ரகம் எல்லா வகையிலும் சிறந்ததாக இருக்க வேண்டியதில்லை. ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ உயரமாக வளரும், விளைச்சல் குறைவு. ஆனால் சுமார் இரண்டு வாரம் வெள்ளத்தில் மூழ்கினாலும் தாங்கும். அந்தக் குணத்தை மட்டும் எடுக்க, கலப்பில் வந்த பயிரை மீண்டும் மீண்டும் சி.ஆர். 1009-உடனேயே சேர்த்துத்தான் சி.ஆர். 1009 சப் 1 உருவாக்கப்பட்டது.

பாரம்பரிய சம்பா ரகத்தைச் சேர்ப்பதாக இருந்தால் பூக்கும் காலத்தைக் கவனியுங்கள். இவற்றில் பல, பகல் பொழுது குறைந்தால்தான் பூக்கும். கோடையில் விதைத்தால் பூக்காமல் இலையாகவே நிற்கும். மற்ற ரகத்தை 10 நாள் இடைவெளியில் மூன்று முறை விதைத்தால் ஏதாவது ஒன்றின் பூ சேர்ந்து கிடைக்கும்.

குட்டை ரகத்தைத் தாயாகவும் உயர ரகத்தைத் தந்தையாகவும் வைத்தால், முதல் தலைமுறைச் செடிகள் உயரமாக இருக்கும். கலப்பு நடந்ததற்கு அதுவே அடையாளம், பிடுங்கிவிடாதீர்கள். குட்டையாகவே வந்தால் அது தாயின் சொந்த மகரந்தத்தில் விளைந்த விதை. அடுத்த தலைமுறையில் ஏறக்குறைய நான்கில் ஒரு செடி குட்டையாக வரும். உங்கள் தேர்வை அந்தத் தலைமுறையில் தொடங்குங்கள். நூற்றுக்கணக்கான செடிகளாவது நட்டிருக்க வேண்டும்.