லிபர்டாஸ் அமெரிக்கானா பதக்கம்

லிபர்டாஸ் அமெரிக்கானா, அமெரிக்க விடுதலைப் போரின் வெற்றிகளையும் அதற்குப் பிரான்ஸ் அளித்த துணையையும் போற்றி, பெஞ்சமின் பிராங்க்ளினின் முயற்சியால் 1783-இல் பாரிஸ் நாணயச்சாலையில் அச்சிடப்பட்ட நினைவுப் பதக்கம். குறுக்களவு ஏறத்தாழ 48 மி.மீ. கிரேக்க, ரோமானிய உருவங்களைக் கொண்டு சமகால அரசியலைப் பேசிய நவசெவ்வியல் பதக்கக் கலையின் சிறந்த சான்றுகளுள் ஒன்று.

தோற்றம்

1781 அக்டோபரில் யார்க்டவுனில் பிரித்தானியப் படை சரணடைந்தபோது, பிராங்க்ளின் பிரான்சில் அமெரிக்கத் தூதராக இருந்தார். 1782 மார்ச் 4 அன்று வெளியுறவுச் செயலர் ராபர்ட் லிவிங்ஸ்டனுக்கு எழுதிய கடிதத்தில் பதக்கத்துக்கான தம் யோசனையை விவரித்தார். ஓவியர் எஸ்பிரி அந்துவான் ஜிபெலின் வரைந்து கொடுக்க, ஒகுஸ்தேன் துய்ப்ரே (1748–1833) அச்சுகளைச் செதுக்கினார்.

முன்பக்கம்

இடப்புறம் நோக்கும் இளம்பெண்ணாக விடுதலைத் தேவி காட்சி தருகிறாள். ரோமானிய நாணயங்களில் வாரி முடிந்த கூந்தலோடு வரும் அவள், இங்கே எதிர்க்காற்றில் ஓடுபவளைப் போல் கூந்தல் பின்னோக்கிப் பறக்கத் தோன்றுகிறாள். தோளுக்குப் பின்னால் ஒரு கோல். அதன் நுனியில் தொப்பி. ரோமில் விடுவிக்கப்பட்ட அடிமை அணிந்த தொப்பி அது. சீசரைக் கொன்ற பின் புரூட்டஸ் வெளியிட்ட நாணயத்திலும் இரு குத்துவாள்களுக்கு நடுவே அதே தொப்பி உண்டு. கீழே 1776 ஜூலை 4 என்ற தேதி.

பின்பக்கம்

கிரேக்கப் புராண வீரன் ஹெர்குலிஸ் குழந்தையாக இரு பாம்புகளை நெரிக்கிறான். குழந்தை அமெரிக்கா, பாம்புகள் சரடோகாவிலும் யார்க்டவுனிலும் சரணடைந்த இரு படைகள். அந்நாள்களான 1777 அக்டோபர் 17-உம் 1781 அக்டோபர் 19-உம் கீழே பொறிக்கப்பட்டுள்ளன. பாய்ந்து வரும் சிறுத்தை பிரித்தானியா. அதைத் தடுக்கும் ரோமானியத் தேவி மினர்வா பிரான்ஸ் என்பதை அவள் கேடயத்திலுள்ள லில்லி மலர்கள் உணர்த்துகின்றன. பிராங்க்ளினின் கடிதத்தில் மினர்வா அருகே அமர்ந்த செவிலித்தாய் மட்டுமே. பதக்கத்திலோ ஈட்டியேந்திப் போரிடுகிறாள். பிரான்சின் பங்கு இதனால் பன்மடங்கு உயர்ந்தது. சுற்றியுள்ள லத்தீன் வரி, ரோமானியக் கவிஞர் ஹோரஸின் பாடல்களில் மூன்றாம் நூலிலிருந்து எடுக்கப்பட்டது.

சமூகப் பொருள்

தங்கத்தில் அச்சிட்டவை பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயிக்கும் அரசி மரி அந்துவானெத்துக்கும் வழங்கப்பட்டன. வெள்ளிப் பதக்கங்களும் செம்புப் பதக்கங்களும் அமைச்சர்களுக்கும் பிரமுகர்களுக்கும் சென்றன. லத்தீனும் புராணமும் அறிந்த இவர்களே அதன் வாசகர்கள். அவர்களுக்குப் பழகிய குறியீடுகளில் பேசியதால், புதிதாகப் பிறந்த நாடு ஐரோப்பிய அரசுகளுக்குச் சமமாகத் தன்னை அறிமுகம் செய்துகொண்டது.

பிரெஞ்சு அரசுப் பதக்கங்களின் முன்பக்கம், பதினான்காம் லூயி காலம் தொட்டே அரசரின் முகத்துக்கு உரியது. இங்கே அந்த இடம் ஒரு கருத்துக்குக் கிடைத்தது. அரசருக்கு நன்றி கூறும் பதக்கத்தில் அரசரின் உருவமே இல்லை. மினர்வா வழியாகவே அவர் போற்றப்படுகிறார். மன்னராட்சியை உதறிய குடியரசு ஒரு மன்னருக்கு நன்றி சொல்ல வேண்டியிருந்த சிக்கலை இந்த உருவகம் நயமாகத் தீர்த்தது.

தாக்கமும் முரணும்

அமெரிக்க நாணயங்களில் விடுதலையைக் குறிக்கும் உருவம் இருக்க வேண்டும் என்று 1792 நாணயச் சட்டம் விதித்தது. 1793-இல் வந்த அரை சென்ட் நாணயத்தில் அதே தேவியும் தொப்பியும் இடம்பெற்றன. துய்ப்ரே பின்னர் பிரெஞ்சுக் குடியரசின் ஐந்து பிராங்க் நாணயத்துக்கு வளர்ந்த ஹெர்குலிஸை வடித்தார். 1965-இன் பத்து பிராங்க் நாணயத்திலும் அவ்வுருவம் தொடர்ந்தது.

விடுபட்ட அடிமையின் தொப்பியைச் சின்னமாக ஏற்ற நாட்டில் இலட்சக்கணக்கானோர் அடிமைகளாகவே இருந்தனர். பிராங்க்ளினும் ஒரு காலத்தில் அடிமைகளை வைத்திருந்தவரே. 1787-இல் பென்சில்வேனியா அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். மறு ஆண்டு ஆங்கிலேய மட்பாண்டக் கலைஞர் ஜோசையா வெட்ஜ்வுட், சங்கிலியோடு மண்டியிட்ட ஆப்பிரிக்கரின் உருவம் கொண்ட பீங்கான் பதக்கங்களை அவருக்கு அனுப்பினார். தொப்பி நாணயத்தில் ஏறிய அதே 1793-இல், தப்பியோடிய அடிமைகளைப் பிடித்து ஒப்படைக்கும் சட்டத்தையும் அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றியது. அந்தத் தொப்பி குறித்த விடுதலை, 1865-இன் 13-ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தால்தான் அடிமைகளுக்குச் சட்டப்படி கிடைத்தது.